கடல் பார்க்கப் போறோமா? பங்குனியில் நாகப்பட்டினம் போகும் குழுக்களுக்கு



சம்பா அறுப்பு முடிஞ்சாச்சு. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாச்சு. தாளடி வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் நிற்கின்றன. அதைப் பறிக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. மாசிக் கடைசியிலிருந்து பங்குனி நடுவரைக்கும் நமக்குக் கிடைக்கிற ஓய்வு இதுதான். இந்த நாட்களில் எந்த ஊர்க் குழுக் கூட்டத்துக்கு நாங்கள் போனாலும் ஒரே பேச்சுத்தான். "இந்த வருஷமாச்சும் எங்கயாவது கூட்டிட்டுப் போங்க மேடம்." எங்கே போகணும் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சொல்வது, "கடல் பார்க்கணும்."

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் ஏறக்குறைய 85 கி.மீ. தான். ஆனாலும் 50, 60 வயது வரைக்கும் கடலையே பார்க்காத உறுப்பினர்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். ஒரு பாட்டி எங்களிடம் சொன்னார்: "பொறந்ததுலேர்ந்து இந்த வாய்க்கால் தண்ணியிலதான் கெடக்கேன். இந்தத் தண்ணி கடைசியில போயி விழுற எடத்தை ஒரு தடவை பார்த்துடணும்." இந்த ஆசை நியாயமான ஆசை. "ஊர் சுத்தப் போறீங்களா?" என்று வீட்டில் யாராவது கேட்டால் கூச்சப்பட வேண்டாம். நாலு பேர் சேர்ந்து திட்டம் போட்டு, காசு சேர்த்து, வண்டி பேசி, பத்திரமாகப் போய் வருவதும் குழுவுக்கு ஒரு பயிற்சிதான்.

பத்திரமாக என்று சொன்னோம். அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் பார்த்த ஒரு நாள்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு குழுவோடு நாகைப் பக்கம் போயிருந்தோம். அதில் ஒரு சகோதரி கொள்ளிடக்கரையில் பிறந்து வளர்ந்தவர். நன்றாக நீந்துவார். கடலைக் கண்டதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். "ரொம்ப உள்ள போகாதீங்க அக்கா" என்றோம். "கொள்ளிடத்து வெள்ளத்துலயே நீந்தினவ நான், இது என்ன?" என்று சிரித்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது ஒரு அலை வந்து சாய்த்தது. எழுந்து நிற்பதற்குள், திரும்பிப் போன தண்ணீர் காலடி மண்ணையும் சேர்த்து உருவிக்கொண்டு போனது. நனைந்த சேலை இரண்டு காலையும் கட்டிப் போட்டுவிட்டது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு மீனவ அண்ணன்கள் ஓடி வந்து கயிறு வீசியிராவிட்டால் அவர் இன்று நம்மோடு இல்லை.

திரும்பி வரும்போது வண்டியில் யாரும் பேசவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார்: "ஆறுன்னா ஒரு பக்கமா இழுக்கும். அந்தப் பக்கம்தான் இழுக்கும்னு நமக்குத் தெரியும். கடல் எந்தப் பக்கம் இழுக்கும்னே தெரியலை." அன்றைக்கே அந்தக் குழு தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதியது: "கெண்டைக்காலுக்கு மேல் யாரும் கடலில் இறங்குவதில்லை."

தண்ணீரோடு பழகியவர்கள் என்ற தைரியம்தான் நம்மவர்களுக்குக் கடலில் ஆபத்து. அதுவும் இந்த மாதத்தில் கூடுதலாக. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28ல் மூடிவிடுகிறார்கள். பங்குனியில் ஆறும் வாய்க்காலும் மணலாகக் கிடக்கும். குளிக்கத் தண்ணீர் இல்லாமல் ஏங்கிக் கிடக்கிற பிள்ளைகளுக்குக் கடலைக் கண்டால் நிற்க மனசு வருமா?

கடல் ஏன் இழுக்கிறது?

இதை வயலை வைத்தே புரிந்துகொள்ளலாம். வயல் நிறையத் தண்ணீர் நிற்கிறது. வரப்பில் ஒரு வாய்மடை வெட்டினால் என்ன ஆகும்? மற்ற இடமெல்லாம் சும்மா நிற்கும் தண்ணீர் அந்த ஒரு வாய் வழியாக வேகமாக ஓடும். கடலிலும் அப்படித்தான். அலைகள் ஓயாமல் தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவந்து தள்ளுகின்றன. அந்தத் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். கடலடி மணலில் எங்கே பள்ளம் இருக்கிறதோ, அந்த வழியாகச் சேர்ந்து உள்ளே ஓடுகிறது. இதைத்தான் இழுப்பு என்கிறோம்.

மோசம் என்னவென்றால், இழுப்பு உள்ள இடத்தில் பெரும்பாலும் அலை குறைவாகத் தெரியும். பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். "இங்க அலையே இல்லடி, இங்க இறங்கலாம்" என்று நாம் தேர்ந்தெடுப்பதே அந்த இடமாகத்தான் இருக்கும். ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரமும் இப்படித்தான். பார்த்தால் நம்மூர் ஆறு மாதிரி இருக்கும். அங்கே இறங்கவே கூடாது. அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கல் மேலும் ஏற வேண்டாம். பாசி வழுக்கும்.

வானம் தெளிவாக இருக்கிறது, மழை இல்லை, காற்று இல்லை, அதனால் கடல் சாதுவாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். எங்கோ தெற்கே ஆயிரக்கணக்கான கி.மீ. தொலைவில் அடித்த புயல்காற்றால் எழும்பிய அலை, இரண்டு மூன்று நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6ம் தேதி கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படிப்பட்ட அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது. படிப்பும் இளமையும் அங்கே உதவவில்லை. ஆகவே கிளம்புவதற்கு முதல் நாள் செய்தியில் கடல் எச்சரிக்கை ஏதாவது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கரைக்குப் போனதும் அங்குள்ள மீனவர்களிடம், "இன்னைக்குக் கடல் எப்படி இருக்குண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கடற்கரையில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. கெண்டைக்கால் அளவுக்கு மேல் இறங்காதீர்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுக்காதீர்கள்.

2. குழந்தைகள் கையை விடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் பொறுப்பு. "எல்லாரும் பார்த்துக்குவோம்" என்றால் யாருமே பார்க்க மாட்டோம்.

3. இரண்டு பேர் தண்ணீரில் இறங்காமல் கரையில் நின்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் கையில் நீளமான கயிறும், மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி பிளாஸ்டிக் கேனும் இருக்கட்டும்.

4. யாராவது இழுபட்டால் காப்பாற்றுவதற்காக இன்னொருவர் குதிக்காதீர்கள். ஒரு சாவு இரண்டு சாவாகிவிடும். கயிற்றை வீசுங்கள். கேனை வீசுங்கள். மீனவர்களைக் கூப்பிடுங்கள்.

5. நீங்களே இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். கை ஓய்ந்துவிடும். மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். நீந்தத் தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். இழுப்பு அகலம் குறைவானது. அதைத் தாண்டியதும் அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும்.

6. கரையேற்றியவருக்கு மூச்சு இல்லை என்றால் உடனே 108க்கு போன் செய்யுங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் செய்யக் கூடாது. தரையில் மல்லாத்திப் படுக்க வைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதும் நெஞ்சை அழுத்துவதும்தான் சரி. முதலுதவிப் பயிற்சி எடுத்த உறுப்பினர் இருந்தால் அவரை அவசியம் கூட்டிப் போங்கள்.

7. கடல் திடீரென்று வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். கரையை விட்டு ஊருக்குள் ஓடுங்கள்.

ஏழாவதை நாகையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தபோது, தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம்தான். 6,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த வெளியூர்க்காரர்களும் அதில் உண்டு. அங்கே மீன் விற்கும் சகோதரிகளில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருப்பார்கள். "உங்க வீட்ல யாராச்சும் போயிட்டாங்களா?" என்று போன இடத்தில் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

எந்த நாளில் போகலாம்?

மாசிக் கடைசி, பங்குனி முதல் பாதி நல்லது. சித்திரை பிறந்துவிட்டால் வெயில் தாங்காது. 10, 12ம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பரீட்சை நடக்கும் நேரம் என்பதால் அவர்களைக் கேட்டு நாள் குறியுங்கள். மாசி மகத்தன்று கடற்கரையில் தீர்த்தவாரிக் கூட்டம் இருக்கும். திருவாரூர் ஆழித்தேர் பங்குனியில் ஓடுகிறது. தேர் பார்ப்பதற்கென்றே போனால் சரி. மற்றபடி அன்றைக்கு அந்த வழியில் வண்டி நகராது. ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணியில் கூட்டம் அதிகம். வார நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணமும் வண்டியும்

குழு சேமிப்பிலோ உள்கடன் தொகையிலோ கை வைக்காதீர்கள். கார்த்திகையிலிருந்தே வாரம் 50 ரூபாய் தனியாகச் சுற்றுலாச் சேமிப்பு போடலாம். 16 வாரத்தில் ஆளுக்கு 800 ரூபாய். 20 பேர் குழு என்றால் 16,000 ரூபாய். இதற்குத் தனி நோட்டு வையுங்கள். போக முடியாதவருக்குப் பணம் முழுசாகத் திரும்பும் என்று முன்கூட்டியே தீர்மானம் எழுதுங்கள். அப்போதுதான் பின்னால் மனஸ்தாபம் வராது.

வேன் பேசும்போது எத்தனை சீட்டோ அத்தனை பேர்தான். இன்சூரன்ஸ், பெர்மிட் இருக்கிறதா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். குறைந்த செலவு என்று லோடு ஏற்றுகிற குட்டி யானை வண்டியில் ஆட்களை ஏற்றிப் போவதை நாங்கள் பார்க்கிறோம். அது சட்டப்படியும் தப்பு, விபத்து நடந்தால் இழப்பீடு கிடைப்பதும் கஷ்டம். டிரைவர் முதல் நாள் இரவு தூங்கினாரா என்றும் கேளுங்கள்.

ரயிலிலும் போகலாம். திருச்சி - காரைக்கால் ரயில்கள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் வழியாகப் போகின்றன. செலவு மிகக் குறைவு. நேரத்தை ஸ்டேஷனில் விசாரித்துக்கொள்ளுங்கள். நாகையில் இறங்கி வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் டவுன் பஸ் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. ஏறுவதற்கு முன் பஸ்ஸில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கண்டக்டரிடம் கேளுங்கள்.

ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்?

எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டு எதையும் பார்க்காமல் வருவதுதான் வழக்கம். மூன்று இடம் போதும்.

விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் நாகையில் கடல் பார்த்துவிடலாம். பிறகு தெற்கே சுமார் 10 கி.மீ. தள்ளி வேளாங்கண்ணி. 1962ல் பேராலயமாக உயர்த்தப்பட்ட ஆரோக்கிய மாதா கோயில். பங்குனியில் பெரும்பாலும் கிறிஸ்தவர்களின் தவக்காலம் நடக்கும். ஜெபம் செய்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் அமைதியாக இருங்கள். மதியம் 12 முதல் 3 வரை நிழலில் சாப்பிட்டுப் படுத்து எழுந்திருங்கள். சாயங்காலம் வடக்கே திரும்பி நாகூர் தர்கா. அங்குள்ள ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் நம் தஞ்சாவூரை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங். அண்ணாந்து பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

கோயில் பார்க்கணும் என்கிறவர்கள் வழியில் சிக்கல் சிங்காரவேலரையோ, நாகையில் நீலாயதாட்சி அம்மனையோ சேர்த்துக்கொள்ளலாம். கோயில்கள் மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

வெயில், தண்ணீர், கழிப்பறை

கடற்கரை வெயில் நம்மூர் வெயில் மாதிரி இல்லை. காலையில் நிலத்துக் காற்று வரும். பகலில் தரை சீக்கிரம் சூடாகி, அதன் மேலுள்ள காற்று மேலே போய்விடும். அந்த இடத்துக்குக் கடல் மேலிருந்து குளிர்ந்த காற்று வரும். கடல்காற்று வந்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. "காத்து நல்லா வருது" என்று மணலில் உட்கார்ந்திருந்துவிட்டு, வண்டி ஏறும்போது மயங்கி விழுந்தவர்களை நாங்கள் தூக்கியிருக்கிறோம்.

இதற்கு முக்கியக் காரணம், நம் பெண்கள் பயணத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன்? கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்ற பயம். தண்ணீரைக் குடிக்காமலும், வந்ததை அடக்கியும் இருந்தால் மறுநாள் நீர்க்கடுப்பு, காய்ச்சல். ஆகவே வண்டி பேசும்போதே, "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறை உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும்" என்று டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். டிரைவர் அண்ணனிடம் இதைச் சொல்ல என்ன வெட்கம்? ரயில் நிலையம், பேருந்து நிலையம், பெட்ரோல் பங்க், கோயில் வளாகம் என்று முன்கூட்டியே இடம் பார்த்து வையுங்கள். மாதவிலக்கு நாளாக இருந்தாலும் வரலாம். நாப்கின், பழைய பேப்பர், ஒரு பை கூடுதலாக எடுத்து வாருங்கள்.

காலையில் நீராகாரம் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். மோர் கொண்டு போகலாம். 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்தால் அதுதான் உப்புச் சர்க்கரைக் கரைசல். புளிசாதம் தாங்கும். தயிர்சாதத்தைக் காலையோடு முடித்துவிடுங்கள். யாராவது வெயிலில் பேச்சு குழறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணி போட்டு விசிறி, 108க்குச் சொல்லுங்கள்.

கருவாடு வாங்கும்போது

கடல் பார்த்துவிட்டுக் கருவாடு வாங்காமல் நம்மவர் திரும்பியதுண்டா? ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகும் காலம் என்பதால் இந்தத் தடை. 2017லிருந்து இது 61 நாள். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான் வரும். விலை ஏறும். பங்குனியில் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவாடு வளைத்தால் விறைப்பாக இருக்க வேண்டும். பிசுபிசுப்பும் சிவப்புப் படிவும் இருந்தால் வேண்டாம். விலையை முதலில் கேட்டு, பிறகு எடை போடச் சொல்லுங்கள். ரொம்ப அடித்துப் பேசாதீர்கள். விற்கிறவரும் நம்மைப் போல ஒரு குழு உறுப்பினராக இருப்பார்.

கிளம்பும் முன் கடைசியாக

இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் வண்டி எடுக்கும் முன் ஜோடியைப் பார்த்து எண்ணுங்கள். குழந்தையின் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு வையுங்கள். பிள்ளை தொலைந்தால் 1098, அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181. இந்த எண்களை எல்லாரும் போனில் பதிந்துகொள்ளுங்கள். மீட்டு வந்த நகையை அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முன்னே சொன்ன கொள்ளிடக்கரை அக்கா மறு வருஷமும் எங்களோடு வந்தார். இந்த முறை தண்ணீரில் இறங்கவில்லை. கயிற்றையும் கேனையும் வைத்துக்கொண்டு கரையில் நின்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். "நல்லா பார்த்தீங்களாக்கா?" என்று கேட்டோம். "போன வருஷம் தண்ணியைத்தான் பார்த்தேன். இந்த வருஷம்தான் கடலைப் பார்த்தேன்" என்றார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர் விளக்கிச் சொல்லுங்கள். யார் கரையில் நிற்பது, யாருக்கு யார் ஜோடி என்று பேசி முடிவெடுத்து, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். போய் வந்த பிறகு உங்கள் அனுபவத்தை நம் இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.

எத்தனை பேர் போகிறோமோ அத்தனை பேரும் திரும்பி வருவோம்.